அந்த ஊசி இன்னுமா வலிக்கிறது?

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்டால் ஆயுள் முழுக்க முதுகுவலிதான் என்கிறார்கள். மாமியார் சொல்கிறார், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், யூடியூபில் வைத்தியம் சொல்கிறவர் சொல்கிறார். சில நேரம் வேறு துறை டாக்டரே "ஆமா, அது இருக்கும்" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். அந்தமானில் போர்ட் பிளேரின் டெலானிபூர் மாதிரி இடத்தில் இந்தப் பேச்சின் வீச்சு இன்னும் நன்றாகத் தெரியும். தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாம் ஒன்றாகப் புழங்கும் ஊர் இது. (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயரை மாற்றினார்கள், வாயில் வருவது இன்னும் போர்ட் பிளேர்தான்.) "முதுகுல ஊசி போட்டாங்கள்ல, அதுலேர்ந்துதான் இப்படி" என்று ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் "கமர் மே இன்ஜெக்‌ஷன்" என்று இந்தியில் கேட்கலாம். மொழி மாறுகிறது, தீர்ப்பு மாறுவதில்லை.

அந்தத் தீர்ப்பு தவறு. பல வருட முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணமா என்று முப்பது வருடங்களுக்கு மேலாக ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை. நிரூபணமாகாத குற்றத்தை ஊசியின் தலையில் கட்டுவதால் ஊசிக்கு ஒன்றும் நட்டமில்லை. நட்டம் முழுவதும் அந்தப் பெண்ணுக்குத்தான். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், அறுவை மேஜையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அதைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

பெண்ணை உட்காரவைத்துக் குனியச் சொல்வார்கள். முன்னால் ஒரு நர்ஸ் தோளைப் பிடித்துக்கொள்வார். மயக்க மருத்துவர் இரண்டு இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டு, அவற்றை இணைக்கும் கோடு முதுகில் எங்கே வெட்டுகிறது என்று பார்ப்பார். அது ஏறக்குறைய நான்காவது இடுப்பு முள்ளெலும்புக்கு நேரே விழும். அதை வைத்து ஓர் இடைவெளியைத் தேர்ந்தெடுப்பார். தண்டுவடம் பெரியவர்களுக்குப் பொதுவாக முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது திரவப் பையும் அதில் மிதக்கும் நரம்பு இழைகளும். "தண்டுவடத்துலயே குத்திட்டாங்க" என்பது அங்கேயே அடிபட்டுப்போகிறது. சில்லென்று மருந்து பூசித் துடைப்பார்கள். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள 25 கேஜ் ஊசி தோல், கொழுப்பு, முள்ளெலும்புகளை இணைக்கும் தசைநார்கள், மஞ்சள் தசைநார், கடைசியாக டியூரா என்னும் உறை என்று ஒவ்வொன்றாகக் கடக்கும். எலும்பைத் துளைப்பதில்லை, எலும்பில் பட்டால் ஊசி நின்றுவிடும், கோணத்தை மாற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஊசியின் பின்முனையில் கண்ணாடி போன்ற திரவம் சொட்ட ஆரம்பித்ததும் மருந்தைச் செலுத்துவார்கள். எவ்வளவு? சுமார் 2 மில்லி.

அந்த 2 மில்லியில் இருப்பது பெரும்பாலும் 'ஹெவி' புபிவகைன். ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் மருந்து, கூடவே 80 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோஸ். சர்க்கரை சேர்ப்பதற்குக் காரணம் கனம். தண்ணீரில் விட்ட பாகு கீழே இறங்குகிற மாதிரி இந்த மருந்து தண்டுவடத் திரவத்தில் தாழ்வான பக்கம் நோக்கிப் போகும். பெண்ணை மல்லாக்கப் படுக்கவைத்ததும் முதுகெலும்பின் வளைவு வேலையைச் செய்கிறது. இடுப்பு மேடு, மார்புப் பகுதி பள்ளம். மருந்து மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி, மார்புக் காம்பு மட்டம்வரை உள்ள நரம்புகளை மரக்கச் செய்யும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வயிற்றிலிருந்து மேலே ஒவ்வொரு இடமாகத் தொட்டு "சில்லுனு இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்பது இதற்குத்தான். மருந்து எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார். இடுப்பில் போட்ட மருந்து சில நிமிடங்களிலேயே நெஞ்சுவரை போய்விடுகிறது என்பதை அந்தப் பஞ்சே காட்டிக்கொடுக்கிறது. அப்படிப்பட்ட மருந்து "குத்தின இடத்துலயே கட்டியா நின்னுடுச்சு" என்று பத்து வருடம் கழித்துச் சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

பிறகு அது எங்கே போகிறது என்பதும் தெரிந்ததுதான். தண்டுவடத் திரவம் மொத்தமே 150 மில்லி அளவுதான். உடம்பு ஒரு நாளில் ஏறக்குறைய 500 மில்லி சுரக்கிறது. அதாவது பழையது வெளியேறிப் புதியது நிரம்புவது ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் நடக்கிறது. மருந்தோ அதற்கும் முன்பே இரத்தக் குழாய்களுக்குள் போய், கல்லீரலில் சிதைந்து, சிறுநீரில் வெளியேறுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் கால் அசைய ஆரம்பிப்பதற்குக் காரணம் இந்த வெளியேற்றம்தான். மருந்து அங்கேயே தங்கியிருந்தால் கால் மரத்தபடியே அல்லவா இருக்க வேண்டும்? மரத்துப்போவது மட்டும் சாயங்காலமே போய்விட்டது, மருந்து மட்டும் வருடக்கணக்காக இருக்கிறது என்று இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

முதுகில் போடும் மரப்பு ஊசி எல்லாமே ஒன்று என்று நினைப்பதிலிருந்து பாதிக் குழப்பம் வருகிறது. பிரசவ வலியைக் குறைக்கும் எபிடியூரல் டியூராவுக்கு முன்பே நின்றுவிடும். அதன் ஊசி தடிமனானது, மருந்தின் அளவும் கூடுதல். உறைக்கு வெளியே உள்ள கொழுப்புக்கும் இரத்தக் குழாய்களுக்கும் இடையில் மேலும் கீழும் பரவி, நரம்பு வெளியேறும் துளைகளில் வேலை செய்யும். இன்னும் பக்கவாட்டில் போனால் பாராவெர்டிப்ரல் பிளாக்; ஜெர்மானிய மருத்துவர் ஹூகோ செல்ஹைம் 1905-லேயே அதைச் செய்து பார்த்தார். இந்த வரிசையில் புதியது 2016-இல் மௌரிசியோ ஃபொரேரோ, கி ஜின் சின் உள்ளிட்டோர் வெளியிட்ட இரெக்டர் ஸ்பைனே பிளாக். விலா எலும்பு முறிவு, மார்பக அறுவை, முதுகெலும்பு அறுவை என்று இப்போது பல இடங்களில் போடுகிறார்கள். முதுகை நிமிர்த்தும் தசைக்கும் அதன் அடியிலுள்ள எலும்பு நீட்சிக்கும் நடுவே, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி 20, 30 மில்லி மருந்தை விடுவது. தண்டுவடத்தின் பக்கமே போகாத ஊசி.

இந்தக் கடைசி ஊசியில் மருந்து எப்படிப் பரவுகிறது என்பதில் மயக்க மருத்துவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடக்கிறது. தசைக்கு அடியில் மேலும் கீழும் பல முள்ளெலும்புகளின் தூரம் பரவுகிறது என்பதில் சண்டை இல்லை. முன்பக்கமாக நுழைந்து, மார்புக்கும் வயிற்றுக்கும் போகும் நரம்புகளைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி. 2018-இல் இவானுசிக் குழுவினர் சடலங்களில் சாயம் செலுத்தி அறுத்துப் பார்த்தார்கள். சாயம் முன்பக்கம் போகவில்லை. அதே ஆண்டு அதிகாரி என்ற ஆய்வாளரின் குழுவினர் எம்.ஆர்.ஐ.யும் அறுவையும் சேர்த்துப் பார்த்தார்கள். நரம்புத் துளைகளிலும் எபிடியூரல் இடத்திலும் சாயம் இருந்தது. மூச்சும் இரத்த ஓட்டமும் இல்லாத உடலில் சாயம் பரவுவதை வைத்து உயிருள்ள உடலைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்பது ஒரு பக்கம். மருந்து தசைநார்களைத் தாண்டுவது ஆளுக்கு ஆள் வேறுபடுவது இன்னொரு பக்கம். 2021-இல் லோன்க்விஸ்ட், கர்மாகர் முதலியவர்கள் இந்த பிளாக்கையே கேள்விக்குள்ளாக்கிக் காரசாரமாக எழுதினார்கள். சண்டை நல்லதுதான். ஆனால் இது சென்டிமீட்டர் கணக்கிலும் மணிக் கணக்கிலும் நடக்கும் சண்டை. எந்தத் தரப்பும், மிகக் கடுமையாக எதிர்க்கிறவர்களும்கூட, மருந்து முதுகில் வருடக்கணக்காகத் தங்கி வலிக்கிறது என்று சொல்லவில்லை. அப்படி ஒரு தரப்பே அங்கே கிடையாது.

"உங்க கணக்கெல்லாம் இருக்கட்டும். ஊசிக்கு முன்னாடி எனக்கு வலி இல்ல, பின்னாடி வந்துச்சு." இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. பிர்மிங்ஹாம் மருத்துவமனை ஒன்றில் பிரசவித்த பெண்களைப் பற்றி 1990-இல் வெளியான ஆய்வு இதைத்தான் சொன்னது போலத் தெரிந்தது. தபாலில் கேள்விகள் அனுப்பி 11,701 பெண்களின் பதில்களைத் திரட்டினார்கள். எபிடியூரல் போட்டவர்களில் 18.9 சதவீதத்தினர் நீடித்த முதுகுவலி என்றார்கள், போடாதவர்களில் 10.5 சதவீதத்தினர். வதந்திக்கு இதைவிடப் பலமான சாட்சி இன்றுவரை கிடையாது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்த சிசேரியனில் எபிடியூரல் போட்டவர்களுக்குக் கூடுதல் முதுகுவலி இல்லை. ஊசி அதே ஊசி, மருந்தும் அதே இடத்தில். பிரசவ வலியோடு மணிக்கணக்கில் கிடந்த நேரம் மட்டும் இல்லை. அதனால்தான் ஆய்வு செய்தவர்களே ஊசியை நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை. மரத்துப்போன உடம்பு சிரமமான கோணத்தில் நீண்ட நேரம் கிடந்தது காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

தவிர, பல வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதும் பதில்களில் ஒரு சிக்கல் உண்டு. ஊசி போட்டவருக்குக் காரணம் கையில் தயாராக இருக்கிறது; போடாதவருக்கு அது இல்லை. ஆகவே அடுத்து வந்தவர்கள் பிரசவத்திலிருந்தே பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1994-இல் பிரீன் குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பிரசவத்துக்குப் பிறகு விசாரித்தபோது, எபிடியூரல் போட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு முதுகுவலி. போடாதவர்களில்? 45. முன்பே முதுகுவலி இருந்தவர்கள், எடை கூடியவர்கள், வயது குறைந்தவர்கள் ஆகியோருக்கே வலி அதிகம். 2002-இல் ஹோவெல் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 369 பெண்களை யாருக்கு எபிடியூரல், யாருக்கு வேறு வலிநிவாரணம் என்று குலுக்கல் முறையில் பிரித்து, சராசரியாக 26 மாதம் கழித்து விசாரித்தார்கள். நீடித்த முதுகுவலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இவை எல்லாம் எபிடியூரல் பற்றியவை. நம் ஊர் சிசேரியனில் போடும் ஸ்பைனல் ஊசி அதைவிட மெல்லியது.

அந்த 45 சதவீதத்தை மறுபடி பாருங்கள். ஊசியே போடாத பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதுகுவலி. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய அளவில் 21.5. ஏறக்குறைய இரண்டில் ஒரு பிரசவம் சிசேரியனாக நடக்கிற மாநிலத்தில், முதுகுவலி உள்ள எந்தப் பெண்ணைக் கேட்டாலும் "ஆமா, ஊசி போட்டாங்க" என்ற பதில் வருவதில் என்ன ஆச்சரியம்? சுகப்பிரசவத்தில் பெற்றவர் முதுகைப் பிடித்துக்கொண்டால் "புள்ள பெத்த உடம்பு" என்போம். அதே வலி சிசேரியன் ஆனவருக்கு வந்தால் ஊசி.

மயக்க மருத்துவர்கள் பக்கம் தவறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. முதுகு ஊசிக்குப் பக்கவிளைவு உண்டு. குத்திய இடம் சில நாள் தொட்டால் வலிக்கும். நாலைந்து முறை குத்த நேர்ந்தால் கன்றிப்போகும். லிக்னோகைன் மருந்தை ஸ்பைனலாகப் போட்டால் சிலருக்குப் புட்டத்திலும் தொடையிலும் சில நாள் வலி வரும். அதனால்தான் அது வழக்கொழிந்தது. முக்கியமானது தலைவலி. டியூராவில் விழுந்த துளை வழியாகத் திரவம் கசிவதால், உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் விட்டுவிடும். 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் முதன்முதலாக இந்த மயக்கமுறையைச் செய்தபோது தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். அதன்பின் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். இந்தத் தலைவலியைத் தடுக்க வழி தெரிந்தபிறகும் எல்லா இடத்திலும் அது நடப்பதில்லை. வெட்டுமுனை ஊசிக்குப் பதில் பென்சில் முனை ஊசி போட்டால் தலைவலி 11 சதவீதத்திலிருந்து 4.2 சதவீதமாகக் குறைகிறது என்று 110 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பென்சில் முனை விலை கூடுதல் என்பதால் வெட்டுமுனை வாங்குகிற மருத்துவமனைகள் இருக்கின்றன. கோபப்பட வேண்டுமென்றால் அங்கே படுங்கள். தலையணை வைக்காதே, ஆறு மணி நேரம் தலையைத் தூக்காதே என்று மிரட்டும் வழக்கத்தின் மேலும் கோபப்படலாம். அசையாமல் படுத்திருப்பது அந்தத் தலைவலியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

பக்கவாதம் வரும், கால் விழுந்துவிடும் என்ற பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1947 அக்டோபர் 13 அன்று இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு மருத்துவமனையில் ஸ்பைனல் போட்ட இருவர், உல்லியும் ரோவும், நிரந்தரமாகக் கால் செயலிழந்தார்கள். வழக்கு நடந்தது, மருந்துக் குப்பியை ஊறவைத்த பீனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாக உள்ளே புகுந்தது என்று நீதிமன்றம் ஏற்றது. ஊசிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அமிலக் கசடே காரணம் என்று பின்னாளில் சொன்னார்கள். எப்படியும் சுத்தம் செய்யும் முறையில்தான் கோளாறு. பிரிட்டன் பல வருடம் இந்த ஊசியையே ஒதுக்கிவைத்தது. அமெரிக்காவில் டிரிப்ஸும் வாண்டமும் 8,460 பேருக்குப் போட்ட 10,098 ஸ்பைனல்களைத் தொடர்ந்து கவனித்து, பெரிய நரம்புச் சேதம் எதுவும் காணவில்லை என்று 1954-இல் எழுதினார்கள். பிறகு பிரிட்டனே 7 லட்சத்துக்கும் மேற்பட்ட முதுகு ஊசிகளைக் கணக்கெடுத்து 2009-இல் வெளியிட்டது. சந்தேகத்துக்குரியவற்றை எல்லாம் சேர்த்தாலும் நிரந்தரப் பாதிப்பு லட்சத்துக்கு 4.2, உறுதியானவற்றை மட்டும் எடுத்தால் 2.0. அபாயம் பூஜ்யம் கிடையாது. ஆனால் அது நரம்புச் சேதத்தின் கணக்கு. காலையில் எழுந்ததும் இடுப்பைப் பிடிக்கும் வலியை அந்தக் கணக்கில் எழுத முடியாது.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? டெலானிபூரில் மேடும் பள்ளமுமாக உள்ள ஒரு வீதியில் கொஞ்சம் நின்று பார்த்தால் போதும். கோடையில் தனிகாரி அணையில் நீர் இறங்கினால் குழாயில் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். வரும் நேரத்தில் பிடித்து, குடத்தையும் கேனையும் இடுப்பில் வைத்து மேட்டுப் படியில் ஏற்றுகிறவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ஒன்பது மாதம் முன்னோக்கி இழுத்த வயிறு, தளர்ந்து விலகிய வயிற்றுத் தசை, ராத்திரி முழுக்கக் கூனி உட்கார்ந்து பால் கொடுக்கும் முதுகு. வெயில் படாமல் உள்ளறையில் நாற்பது நாள் படுக்கவைக்கிறோம். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி எங்கிருந்து வரும்? வயிற்றுத் தசையை மீட்டெடுக்கும் பயிற்சியை யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? வயிற்றில் துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னதோடு சரி.

இந்த எல்லாக் கேள்விகளையும் "ஊசி" என்ற ஒற்றைச் சொல் மூடிவிடுகிறது. ஊசி போட்டது முடிந்துபோன விஷயம், இனி என்ன செய்ய முடியும் என்ற முடிவுக்கு வந்தபின் யாரும் குடத்தை வாங்கிக்கொள்வதில்லை, யாரும் டாக்டரிடம் அழைத்துப்போவதில்லை. வீட்டுக்கு இது மிகவும் வசதியான காரணம். டிஸ்க் பிதுங்கல், எலும்பு மெலிவு, இடுப்பு மூட்டு வீக்கம் எல்லாம் இதன் மறைவில் வருடக்கணக்காக ஓடும். இந்தியாவில் இன்னும் குறையாத முதுகெலும்புக் காசநோயும் இதே மறைவில் ஓடும். எலும்பு இடிந்து கால் தள்ளாடும் நேரத்தில்தான் ஸ்கேன் எடுப்பார்கள். நம் தீவுகளில் இது இன்னும் சிக்கல். ஹட் பேயிலிருந்தோ கேம்ப்பெல் பேயிலிருந்தோ கப்பலேறி ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வந்து பெற்றுக்கொண்டு போகிறவருக்கு மயக்க மருத்துவரை மறுபடி பார்க்கும் வாய்ப்பே அரிது. கேட்க ஆளில்லாத இடத்தில் வதந்திதான் பதில் சொல்கிறது.

மயக்க மருத்துவர்களுக்கு ஒரு கோரிக்கை. ஊசி போடும் முன் அந்த ஐந்து நிமிடத்தில், குத்திய இடம் எத்தனை நாள் வலிக்கும், எந்த மாதிரித் தலைவலி வந்தால் உடனே சொல்ல வேண்டும், எது இந்த ஊசியால் வராது என்று அந்தப் பெண்ணின் மொழியிலேயே சொல்லுங்கள். "ஒண்ணும் ஆகாதும்மா" என்பது பதில் ஆகாது. பிறகு எது ஆனாலும் அந்த ஊசியின் மேல்தான் விழும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு: பிரசவமாகி மூன்று மாதம் கழித்தும் முதுகு வலித்தால் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காய்ச்சல், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, எடை குறைவு, காலில் மரப்பு அல்லது பலவீனம், சிறுநீர் போவதில் சிரமம் இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் மூன்று மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். டாக்டர் "என்ன பண்ணுது?" என்று கேட்டால், எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது என்று அந்தப் பெண்ணையே சொல்லவிடுங்கள். ஊசிக் கதையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.